பட்டமும் பணியும்

கல்லூரிப் படிப்பின் இறுதியாண்டில் நிற்கும் மாணவர்க்கு இரண்டு வினாக்கள் ஒருங்கே எழுதல் இயல்பு. கற்றதைக் கொண்டு எத்தொழில் செய்து பிழைப்பது என்பது ஒன்று; கற்ற கல்வி யாருக்கு உரியது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை கூறுவார் பலர். பின்னதைப் பொருட்படுத்துவார் சிலரே. கோவைக் கல்லூரியொன்றில் இவ்வாண்டு பட்டம் பெறவிருக்கும் அன்பரொருவர் இப்பின்னதையே எம்மிடம் வினவினர். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் ஆனைகட்டிப் பக்கத்து இருளர் சிற்றூரொன்றில் ஏழு நாள் தங்கி வந்தவர் அவர். தேர்வு முடிந்தபின் ஓராண்டு வடநாட்டுச் சிற்றூர்களிற் சென்று தொண்டாற்றி, அதன்பின் வேலையில் அமர எண்ணுகின்றார். அவர் இல்லத்து முதியோரோ, ‘அவரவர் துன்பம் அவரவர் வினை, நீ சென்று மாற்றுவது யாது?’ என்கின்றனராம். அவர்க்கோ வேறோர் ஐயம் உளது: ‘அவ்வூரார்க்கு யான் பயன்பட்டதினும் எனக்கு அவர்கள் பயன்பட்டதே மிகுதி, அது தொண்டாகுமா?’

முதியோர் கூற்றை முதற்கண் ஆராய்வாம். வினைக்கொள்கை நமக்கு உடன்பாடே. ஆயின் பிறர் துயர்கண்டு வாளா இருத்தற்கு அது கருவியாதல் பொருந்தாது. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டிற்கு எழுந்தருளி, இன்று திருச்செங்கோடு எனப்படும் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்தபோது, பனிக்காலம் வந்து உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. இஃது இந்நாட்டின் பருவ இயல்பு என்று அவர்க்கு அறிவித்தனர். இயல்பென்று அமைந்திருக்க அவர் உடன்படவில்லை. அப்பொழுது அருளிய திருநீலகண்டத் திருப்பதிகம், வினையுண்டு என்பதை மறுக்காமலே, அதனின்று உய்யும் வழி தேடாதிருத்தல் நமக்குக் குறையாகும் என்ற கருத்தோடு தொடங்குகின்றது. சுரம் அடியாரை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டகன்றது என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. தன் துயரை வினைப்பயன் என்று ஒருவன் பொறுத்தல் வேறு. அயலான் துயரை வினைப்பயன் என்று கடந்துபோதல் வேறு. முன்னது பொறுமை. பின்னதற்குப் பெயரிட யாம் விரும்பவில்லை. மேலும், வினை சடமாதலின் தானே வந்து பற்றாது, இறைவனே கூட்டுவிப்பான் என்பதன்றோ சித்தாந்தம்? துன்பத்தைக் கூட்டுவிப்பவன் அதன் நீக்கத்தையும் ஒருவர் கைவழியே கூட்டுவிக்கலாம். அக்கை ஒரு மாணவருடையதாயிருத்தற்குத் தடை யாது?

இனி, அன்பரின் சொந்த ஐயம். இதுவே அரியது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. ஈராண்டில் 240 மணி நேரப் பணி, அதனோடு ஏழு நாள் முகாம் என்பது அதன் அளவு. தொண்டின் வாயிலாக மாணவர் தம் ஆளுமை வளர்தலே அதன் நோக்கமாகச் சொல்லப்படுகின்றது. ஆதலின் பயன் தமக்கே மிகுந்தது என்று அன்பர் கண்டதிற் குற்றமில்லை. திட்டம் கருதியதும் அதுவே. கற்கச் சென்றதைக் கொடுக்கச் சென்றதாக எண்ணத் தொடங்கும் இடத்திலேதான் குற்றம் புகுகின்றது. ஏழு நாளில் காட்டையும் மழையையும் பிறர் வறுமையையும் அறிந்து திரும்புகின்றவன் அவ்வூர்க்கு மாணாக்கன். அவன் தன்னை வள்ளலாக எண்ணுவானாயின், அவ்வூரார் அவன் புண்ணியத்திற்குக் கருவியாய் ஒழிகின்றனர். ‘யான் செய்தேன்’ என்னும் எண்ணத்தோடு செய்த நல்வினையும் விலங்கே என்று நம் ஆசிரியர்கள் கூறியது இதுபற்றியே. நாவரசர் ஊர்தோறும் உழவாரம் ஏந்திச் சென்று திருக்கோயிற் புல்லைச் செதுக்கினார். அடுத்த மழைக்கு அப்புல் மீண்டும் முளைத்திருக்கும். அதனை அவர் அறியாதவரல்லர்.

கோவையிற் கற்றவர், தம் கல்வியின் மூலத்தையும் எண்ணுதல் தகும். பீளமேட்டுப் பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வரும் குடும்பப் பொருளை ஐந்து கூறாக்கி, ஐந்தாவதை அறத்திற்கென ஒதுக்கினர். 1926-ல் அவ்வறநிலையம் தோன்றியது. இந்நகரில் எத்துணையோ பேர் கற்றது அந்த ஐந்தாங் கூற்றில். ‘யாம் பெருங்கட்டணம் கொடுத்தன்றோ படித்தோம்’ என்பார் இன்று பலர். அவர் கூற்றிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்நாட்டிற் சட்டம் கற்ற இருவரை நோக்குவோம். திருப்பூரில் 1903-ல் செல்வக் குடியிற் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம், சென்னையிற் பயின்று பட்டங்கள் பெற்றவர்; இராமகிருஷ்ண இயக்கத்தில் ஈடுபட்டவர். வழக்குமன்றத்திற் பொருளீட்டும் வழி திறந்திருக்கவும், 1930-ல் சில சிறுவரோடு கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். அது பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்திற்குப் பெயர்ந்து பல கல்விநிலையங்களாகக் கிளைத்தது. மணம் புரியாது வாழ்ந்தார். விடுதலைப் போரிற் பன்முறை சிறை புகுந்தார். 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராயிருந்தார். தமிழ்க் கலைக்களஞ்சியம் அவர் முயற்சியால் வெளிவந்தது. மகளிர்க்கு மனையியற் கல்லூரி 1957-ல் எழுந்தது. 1991-ல் மறையும் வரை அவர் பணி பெரும்பாலும் தம் ஊர்ப்பக்கத்தைச் சுற்றியே நின்றது. மற்றவர் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878–1961). அவர் வழக்கறிஞர் தொழிலை விட்டாரல்லர். அதனைச் செய்துகொண்டே பெரியபுராணம் முழுமைக்கும் பேருரை வரைந்தார். தொழிலைத் துறந்தவர் ஒருவர், துறவாதவர் ஒருவர். எவர் உயர்ந்தவர் என்று வினவுதல் வீண். இருவரும் ஓராண்டிற் கைவிடத்தக்க பணியை மேற்கொள்ளவில்லை என்பதே கருதத்தக்கது.

ஆகவே அன்பர் வடநாடு செல்லுதலை யாம் தடுக்கவில்லை. உலகு காண்டலும் கல்வியே, அப்பெயராலேயே செல்க. மொழியறியாத ஊரில் ஓராண்டில் அவரால் செய்யக்கூடியது சிறிது, கற்கக்கூடியது பெரிது. ஆயின் அவர் பெயரை அறிந்த பிள்ளைகள் இருப்பது ஆனைகட்டியில். அங்கு மாதம் ஒரு ஞாயிறு பத்தாண்டு தொடர்ந்து செல்வது, ஓராண்டுப் பயணத்தினும் கடினமானது என்பதை அவர் சென்று பார்த்தே அறிவார்.

மற்றொன்று கேட்க மறந்தனர். நிலத்தை ஈடுவைத்தோ வங்கிக் கடன் பெற்றோ மகனைப் படிப்பித்த குடும்பங்கள் இந்நாட்டில் உழவரிடையே மிகப்பல. அன்பர் அத்தகைய குடும்பத்தவராயின், முதற் சம்பளம் தந்தையாரின் கடனுக்கே உரியது. பயணம் அதன்பின் இருக்கட்டும். அவ்வாண்டுகள் தொண்டின் கணக்கிற் சேரா என்று யாரேனும் கூறின், அதனைச் செவிக்கொள்ள வேண்டா.