அழுகும் பொருளும் அறவிலையும்

இருவர் மனமொப்பிப் பேசி முடித்த விலை நியாயமானதே என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. பின் குறை எங்கே என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை உரைத்துப் பார்க்க நமது உலர்வலயத்துச் சிறுகுளமொன்றே போதும்.

மாரிமழையில் நிறையும் இக்குளங்களிற் பல ஆவணி, புரட்டாதியில் வற்றிவிடுகின்றன. நீர் நிற்கும் சில மாதங்களுள் மீனை வளர்த்து எடுத்துவிட வேண்டும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குளத்திலே தானாகப் பெருகும். கட்லா, ரோகு முதலியன தேங்கிய நீரில் இனம்பெருக்குவதில்லை. அவற்றின் குஞ்சுகளை ஆண்டுதோறும் வாங்கியே விட வேண்டும். கையிற் பணமில்லாதவன் வியாபாரியிடம் முற்பணம் பெறுகிறான். பெற்றபின் மீனை வேறொருவனுக்கு விற்க முடிவதில்லை.

அயற்குளங்கள் யாவும் ஏறக்குறைய ஒரேகாலத்தில் வற்றுவதால் மீன் ஒருங்கே குவிகிறது. நமது வெப்பத்தில் அதனைக் காக்க ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ அளவில் பனிக்கட்டி வேண்டும். அது குளக்கரையில் நிற்பவனிடம் இல்லை. மோட்டார் சைக்கிளிற் பெட்டி கட்டி வந்தவனிடம் உண்டு. அவன் ஒரு விலை சொல்கிறான். இவன் "சரி" என்கிறான். இதனைச் சம்மதம் என்பதா? நெல்லை மூட்டைகட்டி வைத்து அடுத்த மாதம் விற்கலாம். மீனுக்கு நாளை என்பதில்லை. காத்திருக்க வல்லவனும் காத்திருக்க முடியாதவனும் பேசுவது பேரமாகாது.

வியாபாரியைப் பழித்துப் பயனில்லை. எரிபொருட் செலவும் அழுகிய மீனின் நட்டமும் அவனைச் சாரும். அவனிடத்தில் நல்லவனொருவனை நிறுத்தினாலும் நமக்குக் கிடைப்பது அவனது இரக்கமே, இரக்கம் நீதியாகாது.

1990இல் அரசு உள்நாட்டு மீன்வளர்ப்புக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. 1994இல் மீண்டும் வழங்கியது. இடையில் உற்பத்தி பெரிதும் வீழ்ந்தது. குஞ்சுக்குப் பொதுவின் துணை வேண்டும் என்பதை அக்காலம் காட்டிற்று. சந்தைக்கும் அத்துணை வேண்டும். கிராமச் சங்கத்தின் கையிற் பனிக்கட்டியும் சிறுகடன் நிதியும் இருக்கட்டும்; அயற்குளத்தாருடன் கூடிப்பேசி முறைவைத்து மீன்பிடிக்கட்டும்; எஞ்சியதைக் கருவாடாக்கட்டும். அன்றுதான் அவன் "இந்த விலைக்குத் தரமாட்டேன்" என்று சொல்ல முடியும்.

மறுக்க முடிந்தவனின் சம்மதமே சம்மதம். மறுக்க முடியாதவனிடம் பெற்ற மலிவு, நம் உணவுத் தட்டிலே கிடக்கும் கடன்.