நினைவில் நில்லாத ஆறுதல்

குறைமாதச் சிசு நாளை எதையும் நினைவுகூரப் போவதில்லை. பின் அதனைத் தேற்றுவது யாருக்காக என்று கேட்போர் உளர். கேள்வி சாதுவானதன்று. இத்தகைய சிசுக்கள் வலியை உணரா என்ற நம்பிக்கையில், 1980-களிலும் பல இடங்களில் போதிய மயக்கமருந்தின்றியே அவற்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 1987-இல் கன்வல்ஜீத் ஆனந்தும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுகளே அந்நம்பிக்கையை அசைத்தன. நினைவு வேறு, துயரம் வேறு என்பதை ஏற்க மருத்துவத்துக்கே இத்தனை காலம் பிடித்தது!

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாதபோது டாக்டர் எட்கார் ரே சிசுக்களைத் தாயின் மார்போடு சேர்த்தணைக்கச் செய்தார். வறுமை கற்பித்த வைத்தியம் அது.

ஆனால் கொழும்புத்துறையில் கடலேரியை நம்பிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பிள்ளை யாழ்ப்பாணத்து வைத்தியசாலையில். தாயோ எழ முடியாத நிலையில். தகப்பன் தொழிலுக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பெரியாது. அம்மம்மா அணைக்கலாம். தாதியோ, முன்பின் அறியாத ஒருவரோ, கைகழுவி, உள்ளங்கையை அச்சிசுவின் தலைமேல் அசையாது வைத்திருக்கலாம். அதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், தகப்பனின் ஒருநாள் உழைப்புக்கு ஈடும், தாய்க்கு வார்ட்டின் அருகே ஒரு கட்டிலும் கேட்கும்போது, "அதுதான் தாதி இருக்கிறாவே" என்று பதில் வருமாயின், அதை நாம் ஏற்பதற்கில்லை.