கேட்டவர் எங்கே?

தேயிலைத் தோட்டத்தில் அறுபது வயது ஆனவருக்கு வேலை முடியும். கூடவே, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வரும். மலேசியாவின் கேமரன் மலையில் நான் பிறந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

2019 ஜனவரி 26 அன்று இங்கே நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. வேட்புமனு தாக்கல் முடிந்த வாரத்தில், எங்கள் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓர் அக்கா குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். கணவர் மருந்தடிக்கும் வேலையில் இருந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். “வீட்ட விட்டா நாங்க எங்க போறது? ஓட்டுக் கேட்டு வர்றவங்க யாராச்சும் இதுக்கு ஒரு வழி சொன்னாங்களா?” இவ்வளவுதான் கேட்டார். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

முதல் பதில் உடனே வந்தது. “தேர்தலே ஏன் வந்துச்சுன்னு தெரியுமாக்கா?” என்று ஆரம்பித்து, பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்ததால் 2018 தேர்தல் முடிவை அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்த கதையை ஒரு தம்பி நீளமாக எழுதினார். அதற்கு அடுத்தவர், 2004-லிருந்து ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வைத்திருந்த தொகுதியைப் பாரிசான் கூட்டணி இப்போது பூர்வகுடியினரான ரம்லி முகமட் நோருக்குக் கொடுத்துவிட்டதே என்று கொதித்தார். “நம்ம சீட்டு போச்சுண்ணே.” ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) ஆதரவாளர் ஒருவர், தங்கள் வேட்பாளர் மனோகரன் போன தடவை வெறும் 597 ஓட்டில்தான் தோற்றார் என்று நினைவூட்டினார். “அறுபது வருசமா நீங்க என்ன செஞ்சீங்க?” “ஆட்சிக்கு வந்து எட்டு மாசமா நீங்க என்ன செஞ்சீங்க?” பிறகு சீபீல்டு மாரியம்மன் கோயில் கலவரம் வந்தது. அதிலிருந்து மலேசிய இந்தியர் உரிமை கேட்ட 2007 இண்ட்ராப் பேரணி, அதில் யார் முன்னால் நின்றார், யார் வீட்டில் இருந்தார் என்ற சண்டை. ரஜினி கட்சி தொடங்குவாரா என்று ஒரு காணொளி. கடைசியில் முருகன் படத்தோடு இரவு வணக்கம்.

மறுநாள் காலை அக்காவுக்குப் போன் செய்தேன். “நான் ஏதோ தப்பா கேட்டுட்டேன் போல டீச்சர்” என்றார்.

மனசு ஒரு குரங்கு, அது தாவத்தான் செய்யும் என்று இதைத் தள்ளிவிடலாம். நான் அப்படித் தள்ளத் தயாராக இல்லை. தாவும் மனசு எங்கு வேண்டுமானாலும் போகும். எங்கள் குழு அப்படிப் போகவில்லை. எந்தக் கேள்வியை எடுத்தாலும் நாலைந்து இடங்களுக்குத்தான் அது போய்ச் சேருகிறது: கட்சி, கோயில், துரோகம், தமிழ்நாடு. அங்கே போனபின் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கிறது. ஒரே பொருளில் நிலைக்கத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். அக்காவின் கேள்வியில்தான் இவர்களால் நிற்க முடியவில்லை.

நம் முன்னோர் இந்த நோயை நன்றாகவே அறிந்திருந்தார்கள். நன்னூல் ஒரு நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தலும் ஒன்று. கௌதமரின் நியாய சூத்திரம் வாதத்தில் தோற்கும் இடங்கள் 22 என்று வகுக்கிறது. எடுத்த பொருளோடு சேராததைப் பேசுவது அதில் ஒன்று. அதற்கு அர்த்தாந்தரம் என்று பெயர். தன் மேல் வந்த குற்றத்தை மறுக்காமல், அதே குற்றம் உன்னிடமும் இருக்கிறதே என்று திருப்புவது மதானுக்ஞை. எட்டு மாதமும் அறுபது வருடமும் மோதிக்கொண்டது அச்சாக அதுதான். வேலை இருக்கிறது, பிறகு பேசலாம் என்று எழுந்து போவதைக்கூட விக்ஷேபம் என்று தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியக்கிறேன்.

ஆனாலும் அந்தப் பட்டியல் என்னை முழுக்கத் திருப்திப்படுத்தவில்லை. தோல்வி என்று தீர்ப்புச் சொல்ல ஒரு சபை வேண்டும், நடுவர் வேண்டும், வெல்ல வேண்டிய எதிராளியும் வேண்டும். அக்கா யாரோடும் வாதத்துக்கு வரவில்லை. வழி கேட்டு வந்தார். வாதத்தில் தடம் மாறினால் ஒரு தரப்பு தோற்கிறது. வழி கேட்டவரிடம் தடம் மாறினால் கேட்டவர் தன்னையே சந்தேகிக்க ஆரம்பிக்கிறார். எது பெரிய இழப்பு?

கோயில் சமய வகுப்பில் சைவ சித்தாந்த நூலான திருவருட்பயன் நடத்தும்போதெல்லாம் இருள்மல நிலை என்ற அதிகாரத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். உமாபதி சிவம் ஆணவத்தை இருட்டோடு ஒப்பிட்டு, இருட்டைவிடவும் அது பொல்லாதது என்கிறார். இருட்டு பொருள்களை மறைத்தாலும், இங்கே இருட்டு இருக்கிறது என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவம் தன்னையும் காட்டாது. ஆணவம் என்றதும் திமிரை நினைத்துக்கொள்கிறோம். சித்தாந்தம் சொல்வது அறிவையே சுருக்கிவிடும் ஒரு மறைப்பை. குழுவில் எழுதிய எவரும் அக்காவை ஒதுக்கவேண்டும் என்று எழுதவில்லை. பலர் அவருடைய சொந்தக்காரர்கள். சமூகத்துக்காகப் பேசுகிறோம் என்று முழு மனதோடு நம்பினார்கள். அக்காவின் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் நான் சிறுத்துப் போகிறேன். கட்சிச் சண்டையில் எனக்கு ஒரு தரப்பு உண்டு, ஓர் எதிரி உண்டு, சொல்ல நிறைய உண்டு. அங்கே நான் பெரியவன். கால் தானாக அந்தப் பக்கம் நடக்கிறது, நடப்பதும் தெரிவதில்லை.

இப்படிச் சொல்வதால் விலகல் எல்லாமே வீண் என்று ஆகிவிடாது. சீபீல்டை இழுத்தவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அந்தக் கோயில் பழைய சீபீல்டு தோட்டத்துக் கோயில். தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட இடம், நிலமோ வேறு ஒருவர் பெயரில். 2018 நவம்பர் 26 அதிகாலையில் தொடங்கிய கலவரத்தில் காயப்பட்ட தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17 அன்று இறந்தார். அதன்பின் அந்தக் கோயிலின் பெயரை எடுத்தாலே பேச்சு இனச் சண்டையாகிவிட்டது. ஆனால் அடியில் கிடக்கும் விஷயம் என்ன? பாடுபட்டு வாழ்ந்த மண்ணில் நமக்குப் பிடிமானம் இல்லை என்பதுதானே? அக்கா கேட்டதும் அதையேதான். அந்த அண்ணன் இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால், அக்கா வீடும் இப்படித்தானே என்று ஒரு வரி, அவர் பேச்சு விலகலாகவே இருந்திருக்காது.

பூர்வகுடி மக்களின் கதையும் அப்படித்தான். ரம்லி செமாய் இனத்தவர், காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். 12,038 வாக்கு வாங்கி, மனோகரனின் 8,800-ஐத் தாண்டி வென்றார். மலேசிய மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடி அவர்தான். 2022 பொதுத்தேர்தலிலும் வென்று மக்களவைத் துணைச் சபாநாயகர் ஆனார். எங்கள் குழுவில் அவர் நம் சீட்டை எடுத்துக்கொண்டவராக மட்டுமே வந்துபோனார். காடும் மலையும் பூர்வகுடி மக்களுடையதாக இருந்த காலத்துக்கு வெகு பின்னால்தான் இங்கே தேயிலை வந்தது. ரஸ்ஸல் என்பவர் ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியது 1929-இல். 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடியினர் சட்டப்படி ஒரு நிலத்தை அவர்களுக்கென்று ஒதுக்கும் மாநில அரசே அதைத் திரும்பப் பெறவும் முடியும். பாட்டன் காலத்திலிருந்து இருந்தும் பட்டா இல்லாதவர்கள். லயத்து அக்காவின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கொஞ்ச தூரம் நடந்திருந்தால், இதே தொகுதியின் ஜெலாய் பக்கத்து ஒரு செமாய்க் குடும்பத்தின் வாசலில் போய் நின்றிருப்போம். ஒரு கேள்வியில் நிலைத்து நிற்பது குறுகலான காரியம் என்று நினைக்கிறார்கள். அது கொண்டுபோய்ச் சேர்த்திருக்கக்கூடிய தூரத்துக்கு எங்கள் மூன்று மணி நேரச் சண்டை போகவே இல்லை.

ஆகவே விலகலைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை தலைப்பைப் பற்றியது அல்ல. பேச்சு எங்கே போனாலும் போகட்டும். கேள்வி கேட்டவரும் கூட வந்திருக்கிறாரா என்று பார்ப்பேன். வந்திருந்தால் அது விரிவு. அவரை வாசலில் விட்டுவிட்டு நாம் மட்டும் போயிருந்தால்தான் விலகல்.

இதை வகுப்பில் சொன்னபோது, அதே குழுவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஈப்போவில் கணக்காளராக இருக்கிறான். “டீச்சர், அத்தை கேட்டதுக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்ல. பதில் இல்லாதப்ப தெரிஞ்சதப் பேசுறதுல என்ன தப்பு?” நேர்மையான கேள்வி. தெரியலக்கா என்று ஒருவராவது எழுதியிருக்கலாமே என்றேன். அத்தனை பேரில் ஒருவர் எழுதவில்லை. ஆணவம் எவ்வளவு பேச்சையும் தாங்கும், தெரியாது என்ற ஒரு சொல்லைத்தான் தாங்காது.

“தெரியாதுன்னு சொன்னா அவங்களுக்கு வீடு கிடைச்சிருமா?”

கிடைக்காது. ஆனால் தெரியாது என்று எழுதியவுடன் அடுத்த கேள்வி, யாரைக் கேட்டால் தெரியும் என்பதாக இருந்திருக்கும். தொழிலாளர் இலாகா இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் சங்கம் இருக்கிறது. பிரசாரம் நடந்த அந்த இரண்டு வாரமும் வேட்பாளர்கள் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தெருத்தெருவாக நடந்தார்கள். எங்கள் குழுவில் அவர்களோடு எடுத்த படங்கள் குவிந்தன. கை குலுக்கிய நேரத்தில் அக்காவின் கேள்வியை யாராவது வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்.

அவன் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. கட்சிச் சண்டையில்தான் சனங்கள் அரசியலே கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவன் வாதம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் போன மாதம் அந்தத் தோட்டத்தில் ஓய்வு பெறப்போகிற இன்னொருவர் குழுவில் அதே கேள்வியைக் கேட்டபோது, இவன் அவருடைய தொலைபேசி எண்ணைக் கேட்டு என்னிடம் வந்தான்.