வெறுங்கை

2010 பிப்ரவரி 26 காலையில் காபூலில் இந்தியர்கள் தங்கியிருந்த விடுதிகளைத் தற்கொலைப் படையினர் தாக்கினார்கள். இந்திய மருத்துவக் குழுவில் பணியாற்றப் போயிருந்த ராணுவ மருத்துவர் மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங் இடிபாடுகளிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். கையில் ஆயுதம் இல்லை. ஆயுதத்தோடு வந்தவனைக் கட்டிப்பிடித்தார். அவன் உடலில் கட்டியிருந்த வெடி வெடிக்கும்வரை பிடியை விடவில்லை. சக ஊழியர்கள் சிலர் பிழைத்தார்கள், அவர் இறந்தார். 1972இல் மணிப்பூரின் நம்போலில் பிறந்து, இம்பாலில் மருத்துவம் படித்து, 2003இல் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தவர். காபூலுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2011 குடியரசு தினத்தில் அசோக சக்கர விருது அளித்தார்கள். இத்தனை விவரங்களிலும் மனம் போய் நிற்பது அந்த வெறுங்கையில்தான்.

தன்னையும் தன் நோயாளிகளையும் காக்க மருத்துவர் ஆயுதம் வைத்திருப்பதை 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையே தடுக்கவில்லை. ஆகவே வெறுங்கை மருத்துவ அறத்தின் கட்டாயம் அல்ல. ஆனாலும் அந்தக் கை செய்த காரியம் யோசிக்க வைக்கிறது. நமக்கு உடனே புறநானூற்றுத் தாய் நினைவுக்கு வருவாள். மகன் முதுகில் புண்பட்டு இறந்தானோ என்று பதறிப் போர்க்களத்தில் பிணங்களைப் புரட்டிப் பார்த்தவள். அந்த அளவுகோல் இவருக்குப் பொருந்தாது. அது எதிரியை வெட்டப் போனவனுக்கானது. இவர் யாரையும் அடிக்கவில்லை, பிடித்துக்கொண்டார். வலிப்பில் துடிக்கும் பிள்ளையை அடிபடாமல் பிடித்துக்கொள்வார்களே, ஏறக்குறைய அப்படி. சீருடை கொடுத்த பயிற்சிதான் அது, மருத்துவத்துக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கைப் பிரித்துக் காட்ட முடியாதுதான். ஆனால் துப்பாக்கி தூரத்தில் நின்று செயல்படக் கற்றுத்தருகிறது; எல்லோரும் விலகி ஓடும் இடத்தை நோக்கி நெருங்கிப் போகக் கற்றுத்தருவது அவசர சிகிச்சைப் பிரிவு. அவர் நெருங்கிப் போனார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் எங்கள் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளிலிருந்து வரும். பிள்ளையை டாக்டராக்க நகையை அடகு வைத்து, நிலத்தை விற்ற குடும்பங்கள் இங்கே உண்டு. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபோது, மாவட்டத்துக்குள்ளேயே படிக்கலாம் என்ற நம்பிக்கையும் வந்தது. அந்த வீடுகள் கேட்கும்: அவர் இன்னும் முப்பது வருடம் இருந்திருந்தால் எத்தனை ஆயிரம் பேரைக் காப்பாற்றியிருப்பார்? இது சுயநலக் கேள்வி அல்ல, மருத்துவத்துக்குள்ளேயே இருக்கிற கணக்கு. காயம்பட்டவர்கள் குவியும்போது யாரை முதலில் கவனிப்பது என்று போர்க்கள மருத்துவர் தரம் பிரித்தே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு பிறர் உயிர்களுக்கிடையே போடுவது. தன் உயிரையும் அதில் சேர்த்து, நான் மருத்துவர், எனவே என் எடை அதிகம் என்று தொடங்கிவிட்டால், நோயாளிகளிலும் எடை கூடியவர், குறைந்தவர் என்று பார்ப்பதற்கு அதிக தூரம் இல்லை. கொரோனா காலத்தில் எந்த மருத்துவரும் அப்படிக் கணக்குப் போட நாம் விடவில்லை. நெருங்கி வாருங்கள் என்றுதான் கேட்டோம். அதே நாம்தான் 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தோம். அதை நினைக்கும்போது, தியாகத்தைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு எவ்வளவு இருக்கிறது என்ற கூச்சம் வருகிறது.

காபூலில் அந்தக் கைகள் செய்ததும் மருத்துவமே என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் விருதுநகரில் முதலாண்டு படிக்கும் ஒரு ராஜபாளையத்துப் பெண்ணிடம் அதை எதிர்பார்க்கலாமா? கூடாது என்றே என் மனம் சாய்கிறது. எதையும் எதிர்பார்க்காத ஊரில் அப்படியொருவர் உருவாவாரா என்று கேட்டுக்கொண்டால் அந்தச் சாய்வும் நிலைக்கவில்லை.