யார் துறந்தது?

மாஸ்கோவிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், சுஸ்தல். நான் போனது ஜனவரியில். உறைந்துகிடந்த கமென்கா ஆற்றின் மேட்டுக்கரையிலிருந்து பார்த்தால், எதிரே பொக்ரோவ்ஸ்கி கன்னியர் மடத்தின் வெள்ளைச் சுவர் எது, பனி எது என்றே தெரியவில்லை. பார்க்க அவ்வளவு அழகு.

மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் வசீலி, 20 வருடம் கூட வாழ்ந்த மனைவி சொலமோனியாவை, குழந்தை இல்லை என்பதற்காக 1525இல் துறவியாக்கினார். அவரை அனுப்பிவைத்தது இந்த மடத்துக்குத்தான். அவரே விரும்பிக் கேட்டார் என்கிறது அரண்மனைத் தரப்பு. துறவாடையைக் கீழே போட்டு மிதித்தார், அதற்காக அடி வாங்கினார் என்று எழுதிவைத்தவர் ஹெர்பர்ஸ்டைன், வெளிநாட்டுத் தூதர். அடுத்த வருடமே வசீலிக்கு மறுமணம். அதில் பிறந்தவர்தான் இவான் தி டெரிபிள்.

சொலமோனியா 1542இல் இறக்கும்வரை சோபியா என்ற பெயரில் கன்னியராக வாழ்ந்தார். இன்று அவரைப் புனிதராக வணங்குகிறார்கள். ‘பாத்தீங்களா, எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் வழுக்குகிறோம். பிடுங்கியதற்குத் துறவு என்று பேர் கிடையாது. துறவு என்றால் மறுக்கவும் வழி இருந்திருக்கணும். பின்னால் அவர் அடைந்த பக்குவம் அவருடைய சம்பாத்தியம். அதை வசீலியின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

“அவங்களாவே விட்டுக்கொடுத்தாங்க” என்று யாரைப் பற்றியாவது பெருமையாகப் பேசும்போது, ஒன்று கேட்டுப்பார்க்கலாம்: மாட்டேன்னு சொல்லியிருந்தா, விட்டிருப்போமா?