கரையில் அளக்கப்படாத தண்ணீர்

இந்தியச் சட்டம் ஆற்றுக்கு ஒரு கணக்கும் கடலுக்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் ஆறாவது அட்டவணைப்படி, ஆற்றிலோ ஏரியிலோ விடப்படும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதே கழிவுநீரைக் கடலோரத்தில் விட்டால் 100 மில்லிகிராம் வரை போகலாம். எண்ணெய்ப் பிசுக்குக்கும் அப்படித்தான்: உள்நாட்டு நீர்நிலைக்கு 10, கடலுக்கு 20. கழிவில் அழுகக்கூடியது எவ்வளவு மிச்சமிருக்கிறது, அதை மட்க வைப்பதில் தண்ணீரின் ஆக்சிஜன் எவ்வளவு தீரும் என்பதைத்தான் முதல் எண் சொல்கிறது. கடல் பெரியது, ஆற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் தாங்கும் என்ற நம்பிக்கை இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கை அறிவியலுக்குப் பொருந்துமா என்பது ஒரு கேள்வி. பொருந்தினாலும் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவதுதான் அறத்தைச் சேர்ந்தது. அதைக் கேட்டுப் பார்க்க விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள பொம்மையார்பாளையம் தக்க இடம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் இந்த மீனவ ஊருக்குத் தெற்கே கோட்டக்குப்பம், அதற்கும் தெற்கே புதுச்சேரி நகரம். வடக்கே பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும். நகரத்தைப் போல அவையும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. நிலத்தில் எல்லைக்கல் உண்டு, தண்ணீரில் கிடையாது. ஆண்டின் பெரும்பகுதியில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் திசை மாறுகிறது. இந்த ஓட்டம் சுமந்து வரும் மணலைத்தான் 1980-களின் இறுதியில் கட்டப்பட்ட புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் மறித்தன. நகரக் கடற்கரை தேய்ந்தது. பிறகு அரிப்பு வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டுக் குப்பங்களின் மணலையும் வீடுகளையும் தின்றது. துறைமுகத்தின் பலன் ஓரிடத்தில், இழப்பு இன்னோரிடத்தில். அப்படித் திட்டமிட்டுத் தீமை செய்தவர் எவருமில்லை. தீமை போய்ச் சேரும் இடத்தில் இருப்பவரைக் கணக்கில் கொள்ள வேண்டிய கடமை எவருக்கும் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். மணலைத் தூக்கிச் செல்லும் அதே நீரோட்டம் கழிவுநீரையும் தூக்கிச் செல்லும்.

நகரத்து மனிதர் கடலைப் பார்க்கிறார். மீனவர் கடலுக்குள் நிற்கிறார். ஃபைபர் படகை அலையில் தள்ளி ஏற்றுவோர் மார்பளவு தண்ணீரில் நிற்பார்கள், உடையும் அலை முகத்தில் அடித்து வாய்க்குள் போகும். கரைவலை இழுப்போர் மணிக்கணக்கில் ஈரத்தில் நிற்கிறார்கள். கயிறு உரசிய கைக்காயம் ஆறுவதற்குள் அடுத்த நாள் மறுபடி உப்புத் தண்ணீர். பெண்கள் மீனைக் கரையிலேயே தரம் பிரிக்கிறார்கள், கருவாட்டை மணலிலேயே காய வைக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலோர நீர்த் தரவகைகளில், குளிப்பதற்கும் வணிக மீன்பிடிப்புக்கும் உரிய தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு, மலக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா 100-க்கு மேல் இருக்கக் கூடாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான 2017 அக்டோபர் அறிவிக்கையோ குழாய் முனையில் 1,000-க்குள் இருந்தால் போதும் என்கிறது. முதல் எண் மனிதர் தொடும் தண்ணீருக்கு, இரண்டாவது நிலையம் விடும் தண்ணீருக்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும் என்பது விதியின் எதிர்பார்ப்பு.

கடல் உண்மையிலேயே பார்த்துக்கொள்கிறது என்று வாதிடுவோர் அறிவியல் தெரியாதவர்கள் அல்லர். கனடாவின் விக்டோரியா நகரம் பல பத்தாண்டுகள் சல்லடையில் வடிகட்டியதோடு நிறுத்திக்கொண்டு தன் கழிவுநீரை ஆழமான, வேகமாக ஓடும் நீரிணையில் விட்டது. அங்கே கேடு குறைவு என்று சொன்ன கடலியல் அறிஞர்களும் இருந்தார்கள். ஆனாலும் மாகாண அரசு 2006-இல் சுத்திகரிக்க ஆணையிட்டது. நிலையம் 2020-இன் இறுதியில் இயங்கத் தொடங்கியது. நம் 2017 அறிவிக்கையும் இந்த வாதத்தை முற்றாகத் தள்ளிவிடவில்லை. கடலில் விடுவதென்றால் முறையான ஆழ்கடல் குழாய் வழியாகத்தான் விட வேண்டும், கரையில் விடுபவர்கள் அதற்கு மாற வேண்டும். கழிவு வெளியேறும் இடத்தில் 150 மடங்கும் அங்கிருந்து 100 மீட்டரில் 1,500 மடங்கும் நீர்த்துப் போனால்தான் பழைய தளர்வான அளவு பொருந்தும் என்கிறது. ஆக, கடல் தாங்கும் என்ற வாதத்துக்குச் சட்டமே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. வாய்க்கால் வழியே வந்து அலை உடையும் இடத்தில் கலக்கும் கழிவுக்கு அந்த நிபந்தனை நிறைவேற வழியில்லை. நீர்த்துப் போவதற்கு முன் அது தொடும் முதல் பொருள் படகு தள்ளுகிறவரின் உடல். அவரை நீக்கிவிட்டு எண்ணினால்தான் 'கடல் தாங்கும்' என்ற கணக்கு நேராகிறது.

அரசு இதைத் தடுக்கவில்லையா என்றால், தடுத்தது. ஒரு முறையல்ல, மூன்று முறை. 1991 பிப்ரவரியின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, நகரங்களும் குடியிருப்புகளும் சுத்திகரிக்காத கழிவைக் கடலோரத்தில் விடக் கூடாது, ஏற்கெனவே விடுவதை மூன்று ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்றது. 2011 ஜனவரி அறிவிக்கை அதே தடையை எழுதி இரண்டு ஆண்டு கொடுத்தது. 2019 அறிவிக்கையிலும் அந்தத் தடை இருக்கிறது. இடையில் 2017-இல் சுத்திகரிப்பு நிலையம் கட்ட உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிகளுக்கு மூன்று ஆண்டு கெடு வைத்தது. பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கட்டி முடிக்காத ஒவ்வொரு நிலையத்துக்கும் மாதம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. மத்திய வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கோ இப்படி: தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் 642 கோடி லிட்டர், அமைக்கப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 149 கோடி. புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதற்கும் உண்டாவது 16.1 கோடி, திறன் 5.6 கோடி, உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 3 கோடி. இருக்கும் திறனிலேயே பாதியளவு சும்மா கிடக்கிறது என்பதுதான் இதில் மிகவும் உறுத்துவது. நிலையம் கட்டப் பணம் கிடைக்கிறது. வீட்டிலிருந்து அங்கே கழிவைக் கொண்டு சேர்க்கும் குழாய்க்கும், ஆண்டுதோறும் அதை நடத்துவதற்கும் கிடைப்பதில்லை. நிறைவேற்றும் வழியைச் செய்யாமல் ஒரு தடையைத் திரும்பத் திரும்ப எழுதுவதைத் தாமதம் என்று விட்டுவிட முடியாது. அந்தத் தடையை நம்பிக் கடலில் இறங்குகிறவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது அது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். நாடு ஏழை, அளவைக் கடுமையாக்கினால் எதுவும் கட்டப்படாது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கென 2015-இல் முன்வைக்கப்பட்ட வரைவு, உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 10 மில்லிகிராம் என்றது. 2017-இல் அரசு அதைப் பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று தளர்த்தியது. 2019 ஏப்ரலில் தீர்ப்பாயம் எல்லாருக்கும் மறுபடி 10 என்றது. இந்த இழுபறியில் நியாயம் முழுவதும் கடுமையின் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கழிவின் பெரும்பகுதி நிலையத்துக்கே வந்து சேராதபோது, வந்து சேரும் சிறுபகுதியை 30-இலிருந்து 10-க்கு இறக்குவதற்குச் செலவிடும் பணம் குழாய் இணைப்புக்குப் போனால் மீனவருக்கு அதிக நன்மை. அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் செலவைத் தள்ளிப் போடலாம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. சுத்திகரிக்காமல் விட்டாலும் அந்தச் செலவு மறைந்துவிடாது. சொறியும் வயிற்றுப்போக்கும் விலைபோகாத மீனுமாக மாறி, கழிவை உண்டாக்கியதில் மிகக் குறைந்த பங்கு உள்ளவரின் வீட்டுக்குப் போய்ச் சேரும். நகரவாசி கட்டாத வரியைக் குப்பத்தார் உடம்பால் கட்டுகிறார். ஏழை நாடு என்ற வாதம் அந்த நாட்டின் ஏழைகளிலும் ஏழையானவரிடம் கடன் வாங்குவதற்கு உரிமை தராது.

குப்பத்தின் கழிவும் கடலுக்குத்தானே போகிறது என்ற மறுப்பை மழுப்பாமல் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாத மணற்பாங்கான ஊரில் செப்டிக் டேங்க் என்ற பெயரில் இருப்பது பல இடங்களில் அடிப்பகுதி பூசாத குழி. கழிவு மணலில் இறங்கி நிலத்தடி நீரோடு கலக்கிறது. ஆனால் கடலோரத் தங்கும் விடுதிக்கும் மூன்று சென்ட் வீட்டுக்கும் ஒரே கண்டிப்பைக் காட்டுவது சமத்துவம் போலத் தெரிந்தாலும் அநீதி. அறை வாடகையில் கடல்காட்சிக்குத் தனிக் கட்டணம் வாங்குபவரிடம் சுத்திகரிப்பு நிலையமும் அதன் மாதாந்தர ஆய்வறிக்கையும் கேட்கலாம், கேட்கவே வேண்டும். வீட்டுக்காரருக்கு அரசு முதலில் வழி செய்து கொடுத்துவிட்டுத்தான் கட்டாயப்படுத்த முடியும். வழி இல்லாமலும் இல்லை. பக்கத்து ஆரோவில்லில் அதிக மின்சாரம் கேட்காத, தடுப்பறைத் தொட்டியும் நாணல் படுகையும் கொண்ட சிறு சுத்திகரிப்பு அமைப்புகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் செப்டிக் டேங்க் கசடுக்கென்றே ஒரு நிலையம் 2017-இல் அமைந்தது. அதுபோல ஒன்று எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் கழிவுநீர் லாரிக்காரர் இரவில் ஓடையைத் தேடிப் போவார். அவரைப் பிடித்து அபராதம் போடுவதால் அடுத்த லாரி நிற்காது.

எஞ்சியிருப்பது அளவிடும் பொறுப்பு. புதுச்சேரியின் சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரையும் தமிழ்நாட்டின் கோவளமும் 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றன; குளிப்போர் நலனுக்காகத் தண்ணீரைத் தவறாமல் பரிசோதித்து முடிவைக் கரையிலேயே பலகையில் எழுதி வைப்பது அச்சான்றின் விதி. சில நூறு மீட்டர் சுற்றுலாக் கரைக்கு அரசுகளால் இதைச் செய்ய முடிகிறது என்றால், ஆண்டு முழுவதும் மனிதர் இறங்கி வேலை செய்யும் படகுத்துறைக்கும் முடியும். 2023 அக்டோபரில் புதுச்சேரிக் கடல் சிவந்தபோது அது பாசிப் பெருக்கம் என்று விளக்கம் வந்தது. பாசி இயற்கையானதுதான், ஆனால் அதற்கு உரமாகும் சத்துகளில் ஒரு பங்கு கழிவுநீர் வழியே வருவது; எவ்வளவு என்பது அளந்தால்தான் தெரியும். பொம்மையார்பாளையம் போன்ற எல்லை ஊரில், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமமும் கூட்டாக மாதிரி எடுத்து, இரண்டு கையெழுத்தோடு மாதந்தோறும் படகுத்துறையில் வெளியிட வேண்டும். அலை உடையும் இடத்தில் கோலிஃபார்ம் 100-ஐத் தாண்டினால், எல்லைக்கு எந்தப் பக்கத்து வாய்க்கால் என்று தேடுவது அந்த இரு அலுவலகங்களின் வேலை. இன்று அந்தச் சுமை, அடிக்கடி மனு எழுதும் மீனவப் பஞ்சாயத்தின் தலையில் இருக்கிறது.