கொத்தைக் கட்டுவது எது?

சீடன்: ஐயா, ஆங்கிலத்தில் 'பன்ச்' என்றொரு சொல் இருக்கிறது. குத்து என்னும் 'பஞ்ச்'சைச் சொல்லவில்லை. திராட்சைக்குச் சொல்வார்களே, அதைச் சொல்கிறேன். அதையே பூவுக்கும் சாவிக்கும் ஆட்களுக்கும் சொல்கிறார்கள். நாமோ வாழைக்குத் தார், சீப்பு என்கிறோம். கீரைக்குக் கட்டு, நாற்றுக்கு முடி, வைக்கோலுக்குக் கற்றை என்கிறோம். இத்தனை பேருக்கும் ஒரே சொல் ஊழியம் செய்தால், அதற்கென்று ஒரு பொருள் உண்டா?

குரு: அதைக் குறையாக எண்ணாதே. நம் 'மா' மரமும் ஆகும், விலங்கும் ஆகும். ஒரு சொல் பல பொருள் தருவதைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் எடுத்துப் பேசுகிறார். வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளியும் என்பது அவர் காட்டும் வழி. 'மா பூத்தது' என்றால் மரம் என்று வினையே சொல்லிவிடுகிறது.

சீடன்: அந்த வழி ஆங்கிலச் சொல்லுக்கும் செல்லுமா?

குரு: செலுத்திப் பார். லண்டன் கடையில் ஒருவர் வாழைப்பழம் ஒரு 'பன்ச்' கேட்டால், சில பழங்கள் உள்ள சிறு சீப்பு கிடைக்கும். வாழை பயிரிடுபவர் அதே சொல்லைச் சொன்னால், அது தோளில் சுமக்க வேண்டிய முழுத்தார். இங்கே தெளிவிப்பது சார்பு. சைக்கிள் பந்தயத்தில் அது நெருங்கிச் செல்லும் வீரர் கூட்டம். துணியைப் பற்றிய பேச்சில் அது சுருங்கித் திரண்ட மடிப்பு.

சீடன்: அப்படியானால் பொருள் சொல்லில் இல்லை, சூழலில்தான் இருக்கிறதா?

குரு: இருக்கிற பொருள்களுள் ஒன்றைச் சூழல் தேர்ந்து கொடுக்கிறது. அந்தப் பொருள்கள் வந்த வழி வேறு. இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல் வீக்கத்தையும் கூனையும் குறித்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், ஏசாயா நூலில், ஒட்டகத்தின் திமிலுக்கு அதுதான் சொல். ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் ரிச்சர்டின் கூன்முதுகைப் பழிக்கும் வசையிலும் அது வருகிறது.

சீடன்: திமில் ஒன்றுதானே? ஒன்றைக் குறித்த சொல் பலவற்றின் திரளுக்கு எப்படிப் போனது?

குரு: உன் மேல்துண்டைக் கைக்குள் கூட்டிப் பிடி. மடிப்புகள் பல, கண்ணுக்குத் தெரிவது ஒரு புடைப்பு. பல சேர்ந்தால் புடைக்கும். அந்த வடிவத்தின் வழியே சொல் நகர்ந்திருக்கக் கூடும். கொத்திலிருந்து கூட்டத்துக்கும், அங்கிருந்து 'நிறைய' என்பதற்கும் வந்துவிட்டது. அமெரிக்கர்கள் எண்ண முடியாத பொருளுக்குக்கூட அதைச் சொல்கிறார்கள்.

சீடன்: ஆக, புடைப்புதான் காம்பு. மற்றப் பொருள்களெல்லாம் அதில் காய்த்தவை.

குரு: எல்லாவற்றுக்கும் ஒரே காம்பு என்றால், எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்க வேண்டுமே? திமிலுக்கும் 'நிறைய' என்பதற்கும் என்ன பொது? தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் இதே சிக்கலை 'விளையாட்டு' என்ற சொல்லை வைத்து ஆராய்ந்தார். அவர் இறந்தபின் 1953இல் அந்த ஆராய்ச்சி புத்தகமாக வெளிவந்தது. திரித்த நூலின் வலிமை, ஒரே இழை முழு நீளத்துக்கும் ஓடுவதால் வருவதில்லை, பல இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வருகிறது என்றார். அண்டைப் பொருள்கள் ஒன்றையொன்று பற்றியிருந்தால் போதும்.

சீடன்: சொல்லைப் பிணைப்பது தெரிந்தது. பொருள்களைப் பிணைப்பது எது? கொத்து என்று ஒன்று உண்மையில் உண்டா, அல்லது பழங்கள் மட்டும்தான் உண்டா?

குரு: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. திராட்சையைச் சேர்ப்பது காம்பு. சாவியைச் சேர்ப்பது வளையம். வளையத்தைக் கழற்றினாலும் சாவி பூட்டைத் திறக்கும். காம்பை விட்டுப் பிரிந்த பிஞ்சு பழுக்காது. ஒரு சேர்க்கை உயிர் கொடுக்கிறது, மற்றது வசதி கொடுக்கிறது. இரண்டும் இல்லாத கொத்தும் உண்டு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், 27 கிலோமீட்டர்ச் சுற்றுப்பாதையில் புரோட்டான்கள் கொத்துக் கொத்தாகப் பாய்கின்றன. ஒரு கொத்தில் சுமார் 10,000 கோடி. இயற்பியலாளர்கள் அதற்கும் இதே ஆங்கிலச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சீடன்: புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுமே?

குரு: தள்ளும். முந்துவதையும் பிந்துவதையும் மின்புலம் நடுவுக்குத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த இடைவிடாத திருத்தம்தான் அங்கே கட்டு. இனி யாருமே கட்டாத கொத்தைப் பார். நகரப் பேருந்து ஒன்று சற்றே பிந்துகிறது. நிறுத்தத்தில் ஆள் பெருகுகிறது. ஏற்றி இறக்குவதில் அது மேலும் பிந்துகிறது. பின்னால் வரும் வண்டிக்கு ஆள் குறைவு. அது விரைந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. போக்குவரத்துப் பொறியாளர்கள் இதையும் அதே சொல்லால் அழைக்கிறார்கள். காத்திருந்தவர்களுக்கு இந்தக் கொத்தால் துன்பம்தான்.

சீடன்: சேர்ந்திருப்பது எப்போதும் நன்மை இல்லையா?

குரு: சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் மலைவாழை பயிரிட்டவர்களைக் கேள். அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரியால் முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் குறுகி உச்சியில் நெருங்கி நின்றுவிடும். இளமையில் தாக்குண்ட வாழை தார் போடாது. ஆங்கிலத்தில் அந்த நோயின் பெயரிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது. ஒவ்வோர் இலைக்கும் விரிய இடம் வேண்டும். அதைப் பறிக்கும் நெருக்கம் நோய்.

சீடன்: மனிதர்களை அந்தச் சொல்லால் குறிக்கும்போது பல நேரம் இகழ்ச்சி தொனிக்கிறதே, ஐயா. நம் 'கும்பல்' என்பதிலும் அது உண்டு.

குரு: ஏன் தொனிக்கிறது? அங்கே காம்பு இல்லை, வளையமும் இல்லை. தெருமுனையில் நிற்கும் பத்துப் பேரை ஒன்றாக்கியது பேசுபவனின் பார்வை. ஒருவன் செய்த குற்றம் அந்தப் பார்வையால் பத்துப் பேர் தலையிலும் ஏறுகிறது. ஊரையும் சாதியையும் மொழியையும் சொல்லி மனிதரைப் பழிக்கும் பேச்செல்லாம் இப்படித்தான் பிறக்கிறது.

சீடன்: அப்படியானால் பலரைச் சேர்த்துச் சொல்லவே கூடாதா?

குரு: சேர்க்காமல் சிந்திக்க முடியாது. விவசாயிகள் என்று சொல்லாமல் அவர்களின் உரிமையைக் கேட்க முடியுமா? சேர்க்கும்போது மட்டும் உன்னையே கேட்டுக்கொள்: இவர்களைப் பிணைப்பது எது? பிறப்பா, தேவையா, அவர்களே விரும்பிக் கட்டிய கட்டா? விடை இருந்தால் துணிந்து சொல். உன் பார்வையைத் தவிர வேறொன்றும் கட்டவில்லை என்று தெரிந்தால், கட்டை அவிழ்த்துவிட்டு ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு அறிந்துகொள்.